நரகத்தில் எழுந்த நகைப்பு

இத்தாலிய மகாகவி தாந்தே இயற்றிய பெருங்காப்பியத்தின் பெயரை முதன்முறை கேட்போர் சற்றே திகைப்பர். நரகம், பாவங் கழுவும் மலை, சுவர்க்கம் ஆகிய மூன்றையும் கவி தாமே நடந்து கண்டதாகக் கூறும் நூல் அது. 100 சருக்கங்களும் 14,233 அடிகளும் கொண்டது. அதன் முதற் பகுதியில் மாந்தர் எரிகின்றனர். உறைபனியில் புதைந்து கிடக்கின்றனர். ஒருவன் மண்டையை மற்றொருவன் கடித்துத் தின்கிறான். இத்தகைய நூலுக்குக் கவி வைத்த பெயரோ 'கொமேதியா'. நாடகக் கொட்டகையில் நாம் கேட்டுப் பழகிய 'காமெடி' என்னும் சொல்லே அது. 'தெய்வீக' என்னும் அடைமொழி அவர் இட்டதன்று. 1555ஆம் ஆண்டு வெனிஸ் நகரத்தில் அச்சான பதிப்பில்தான் அவ்வடைமொழி நூலின் முகப்பில் ஏறிற்று. கவி மறைந்ததோ 1321இல்.

அக்காலத்து ஐரோப்பிய வித்வான்களுக்குக் கொமேதியா என்பது மேடைக் கூத்து மட்டுமன்று. துன்பத்தில் தொடங்கி இன்பத்தில் முடியும் கதை எதுவும் கொமேதியாவே. அதற்கு மற்றோர் இலக்கணமும் உண்டு. வேந்தரையும் வீரரையும் பாடும் உயர்நடை டிராஜெடிக்கு உரியது. சாமானியர் பேசும் தாழ்ந்த நடை கொமேதியாவுக்கு உரியது. வெரோனா நகரத்து அதிபதி கான் கிராண்டே என்பவருக்குத் தாந்தே எழுதியதாக வழங்கும் லத்தீன் கடிதமொன்று இவ்விரண்டையும் விளக்கி, தம் நூல் எளிய பெண்டிரும் தம்முள் பேசிக்கொள்ளும் பாஷையில் அமைந்தது என்கிறது. அக்கடிதம் முழுவதும் அவர் கைப்பட எழுந்ததுதானா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகின்றனர். நூலுக்குள்ளேயே சான்று இருக்கும்போது கடிதத்தைப் பற்றிக்கொண்டு நிற்க வேண்டுவதில்லை.

கவிக்கு நரகத்தில் வழிகாட்டுபவர் பண்டை ரோமாபுரிக் கவி வெர்ஜில். இருபதாம் சருக்கத்தில் அவர் தம்முடைய 'ஈனியட்' காவியத்தைக் குறித்துப் பேசுங்கால், உயர்ந்த டிராஜெடி என்று பெருமிதத்தோடு சொல்லிக்கொள்கிறார். அடுத்த சருக்கத்தின் தொடக்கத்திலேயே தாந்தே தம் நூலைக் 'கொமேதியா' என்கிறார். இதற்கு முன் ஒரே ஓரிடத்தில்தான் அச்சொல்லை அவர் ஆண்டிருக்கிறார். குருவின் சொல்லை அடுத்துச் சீடனின் சொல். அதன்பின் வருவதோ நரகத்திலேயே நகைப்புக்கு இடமான பகுதி.

அங்கே ஒரு பள்ளம். வெனிஸ் நகரத்துக் கப்பல் துறையில் மரக்கலங்களின் இடுக்குகளை அடைக்க மாரிக்காலத்தில் கொதிக்கும் கீலைப்போல், பள்ளம் நிறையக் கரிய கீல் கொதிக்கின்றது. லஞ்சம் வாங்கி அரசாங்கப் பதவியை விற்றவர்கள் அதனுள் அமிழ்த்தப்படுகின்றனர். தலை தூக்கினால், கொப்பரையில் மிதக்கும் இறைச்சியை மடைப்பள்ளிப் பையன்கள் முட்கோலால் அழுத்துவதுபோல், பேய்கள் கொக்கிகளால் உள்ளே தள்ளுகின்றன. ஒரு பேய் லூக்கா நகரத்து அதிகாரி ஒருவனைத் தோளில் தூக்கிவந்து எறிந்து, 'அவ்வூரில் பொந்தூரோ ஒருவனைத் தவிர யாவரும் லஞ்சக்காரர்' என்று அறிவிக்கின்றது. பொந்தூரோ என்பவன்தான் அவ்வூரின் முதன்மையான லஞ்சக்காரன். அக்காலத்து வாசகர் அதை அறிந்து சிரித்திருப்பர்.

பிறகு நடப்பது முழுக்கூத்து. கவி பயந்து பாறைக்குப் பின் பதுங்குகிறார். பேய்த்தலைவன் பொய்ப்பாலம் ஒன்றைச் சொல்லி, வழித்துணையாகப் பத்துப் பேய்களை அனுப்புகிறான். படை புறப்படும்போது பேய்கள் பல்லிடையே நாக்கைக் கடித்துச் சைகை செய்ய, அவற்றின் நாயகனோ தன் பின்புறத்தையே கொம்பாக ஊதுகிறான்! குதிரைப்படைகள் எக்காளத்தோடும் முரசத்தோடும் செல்லக் கண்டதுண்டு, இப்படியொரு வாத்தியத்துக்கு அணிவகுத்ததைக் கண்டதில்லை என்று கவி காவிய நடையில் வியக்கிறார். அப்பால் நவார் தேசத்துப் பாவி ஒருவன் பேய்களையே ஏய்த்துக் கீலுக்குள் பாய்ந்துவிட, அவனைப் பிடிக்கப் பறந்த இரு பேய்கள் ஒன்றோடொன்று சண்டையிட்டுக் கொதிக்கும் கீலில் விழுகின்றன. மற்றவை சினந்து துரத்த, தீப்பற்றிய வீட்டினின்று குழந்தையை வாரிக்கொண்டோடும் தாயைப்போல் வெர்ஜில் தாந்தேயை மார்போடணைத்துச் சரிவில் சறுக்கித் தப்புகிறார்.

இத்தனையும் விளையாட்டுக்காக எழுதப்பட்டதா? தாந்தேயின் வாழ்வில் அந்தக் கீல் என்ன என்பதை அறிந்தால்தான் இச்சிரிப்பு விளங்கும். 1300ஆம் ஆண்டு ஜூன் முதல் ஆகஸ்டு வரை இரண்டு மாதங்கள் அவர் புளோரென்ஸ் நகரத்தை ஆண்ட ஆறு தலைவருள் ஒருவர். மறு ஆண்டு 'கறுப்பர்' என்னும் எதிர்க்கட்சி போப்பரசர் எட்டாம் பானிபாசின் ஆதரவோடு நகரத்தைக் கைப்பற்றிற்று. 1302 ஜனவரி 27இல் அவரில்லாமலே விசாரணை நடந்தது. குற்றச்சாட்டு, பதவியிலிருந்தபோது லஞ்சம் வாங்கினார் என்பதே. 5,000 புளோரின் அபராதம். இரண்டாண்டு நாடு கடத்தல். அவர் வந்து பணங் கட்டவில்லை. மார்ச் 10இல், அகப்பட்டால் உயிரோடு கொளுத்துக என்று தீர்ப்பாயிற்று. அவரை விரட்டிய கட்சியைச் சார்ந்தவரான வரலாற்றாசிரியர் வில்லானியே, வெள்ளையர் கட்சியில் இருந்ததன்றி வேறு குற்றம் அவரிடம் இல்லை என்று எழுதிவைத்தார்.

தம்மேல் சுமத்தப்பட்ட அதே குற்றத்துக்குரிய பள்ளத்தின் கரையில்தான் கவி தம்மைப் பதுங்க வைத்திருக்கிறார். பேய்கள் கொக்கியை நீட்டுகின்றன. 'இவன் முதுகில் ஒன்று கொடுக்கட்டுமா?' என்று தம்முள் கேட்டுக்கொள்கின்றன. முடிவில் எட்டாமற் போகின்றன. அவர் அங்கே வாதாடவில்லை, சாட்சி கூப்பிடவில்லை. நீதிபதிகளையும் வழக்கையும் கொம்பூதும் பேய்க்கூட்டமாக ஆக்கிவிட்டார் என்றே யான் கொள்கிறேன். வெர்ஜிலின் உயர்நடையில் இதைச் சொல்ல வழியே இல்லை. கொமேதியா என்று பெயரிட்டதனாலன்றோ அந்தப் பள்ளத்துக்கும் அந்தக் கொம்புக்கும் காப்பியத்தில் இடங்கிடைத்தது!

பண்டிதர்களுக்கு இது பொறுக்கவில்லை. லத்தீன் அறியாதவன் எழுத்தறியாதவனே என்று எண்ணிய காலம். சுமார் 1319இல் போலோஞா நகரத்து ஆசிரியர் ஜியோவன்னி தெல் விர்ஜிலியோ, இத்தகைய மேலான பொருளைத் தெருச்சந்தியில் கத்துவோர்க்கு எறிவானேன், பன்றிகளுக்கு முத்தா, லத்தீனில் பாடினால் கவிமுடி சூட்டுவோமே என்று செய்யுள் விடுத்தார். தாந்தே மறுமொழியைச் சுத்தமான லத்தீன் செய்யுளிலேயே அனுப்பினார். லத்தீன் வாராமையால் தாய்மொழிக்குப் போனவரல்லர் என்பது அதிலேயே தெரிந்தது. தம் அன்புக்குரிய ஆடு கறந்த பாலில் பத்துக் கலம் அனுப்புவதாக அதில் ஒரு வேடிக்கையும் செய்தார். சுவர்க்க காண்டத்தின் பத்துச் சருக்கங்களையே அவ்வாறு குறித்தார் என்பர் உரைகாரர். முடிசூடப் போலோஞாவுக்கு அவர் போகவில்லை.

தெருச்சந்தியில் அவர் நூல் எவ்வாறு உலவிற்று என்பதற்குச் சக்கெத்தி என்னும் கதாசிரியர் அந்நூற்றாண்டிலேயே ஒரு கதை எழுதினார். கொல்லன் ஒருவன் உலைக்களத்தில் தாந்தேயின் அடிகளைக் கூட்டியும் குறைத்தும் பாடிக்கொண்டிருந்தானாம். கவி உள்ளே சென்று சுத்தியலையும் குறட்டையும் தராசையும் தெருவில் எறிந்தார். 'என் தொழிலைக் கெடுக்கிறீரே' என்று அவன் கூவ, 'நீ என் தொழிலைக் கெடுக்கிறாயே' என்றாராம். நடந்ததோ கட்டியதோ, கொல்லன் பாடினான் என்பது அவ்வூராருக்கு நம்பத்தக்கதாயிருந்தது.

விரட்டிய நகரமே 1373இல் 100 புளோரின் சம்பளமளித்துப் பொக்காச்சியோவை அமர்த்தி, ஒரு கோயிலில் இந்நூலைப் பொதுமக்களுக்கு விரிவுரை செய்வித்தது. மேலான பொருளைப் பாமரர்க்குத் திறந்துவிட்டார் என்று அவர்மேலும் பழி எழுந்தது. நோயினால் பதினேழாம் சருக்கத் தொடக்கத்தோடு அவர் நிறுத்திவிட்டார். ஆகவே கீற்பள்ளத்து வேடிக்கையை அச்சபை அவர் வாயால் கேட்கவில்லை.

1315இல் புளோரென்ஸ் மன்னிப்பு நீட்டியது. பணம் செலுத்திக் குற்றவாளிபோல் கோயிலில் நிற்க வேண்டுமென்பது நிபந்தனை. தாந்தே மறுக்கவே மரண தண்டனை புதுப்பிக்கப்பட்டு, புதல்வரையும் சேர்த்துக்கொண்டது. அவர் ரவென்னாவில் இறந்தார். 1519இல் போப்பரசரின் அனுமதியோடு எலும்புகளை எடுத்துச் செல்ல வந்த புளோரென்ஸ் தூதர்கள் கல்லறையைத் திறந்தபோது உள்ளே ஒன்றுமில்லை. மடத்துத் துறவிகள் முன்னரே சுவரைத் துளைத்து எடுத்து ஒளித்துவிட்டனர். 1865இல் கட்டட வேலை செய்தவர்கள் கையில்தான் அவை அகப்பட்டன. 2008 ஜூன் மாதம் புளோரென்ஸ் நகரசபை அந்த 1302ஆம் ஆண்டுத் தீர்ப்பை நீக்கத் தீர்மானம் நிறைவேற்றிற்று. ஆதரித்தவர் 19 பேர். எதிர்த்து வாக்களிக்க அப்போதும் 5 பேர் இருந்தனர். எலும்புகள் ரவென்னாவிலேயே இருக்கின்றன.