தமிழ்நாட்டில் இளையோர் போட்டி நீச்சல்

தமிழ்நாட்டில் இளையோர் போட்டி நீச்சல் என்பது, பதினேழு வயது வரையிலான சிறுவர் சிறுமியர் நீச்சல் கழகங்களிலும் பயிற்சி மையங்களிலும் பயின்று, மாவட்ட, மாநில, தேசிய அளவிலான போட்டிகளில் கலந்துகொள்ளும் விளையாட்டுத் துறையைக் குறிக்கும். இத்துறையை நாடளவில் 1948 இல் தொடங்கப்பட்ட இந்திய நீச்சல் கூட்டமைப்பும், அதனுடன் இணைந்த மாநிலச் சங்கமும் நெறிப்படுத்துகின்றன. 1990களுக்குப் பின்னர் தமிழ்நாட்டுக் குளங்களில் நீந்தக் கற்ற குற்றாலீஸ்வரன், நிஷா மில்லட், சாஜன் பிரகாஷ் ஆகிய மூவர் இந்திய நீச்சல் வரலாற்றில் இடம்பெற்றுள்ளனர். இவர்களுள் முதலாமவர் பள்ளிப் பருவம் முடியும் வேளையிலேயே நீச்சலிலிருந்து விலகினார். மற்ற இருவரும் பெங்களூருக்குச் சென்ற பின்னரே ஒலிம்பிக் போட்டிகளை எட்டினர்.

பின்னணி

தமிழகத்தின் சிற்றூர்களில் நீச்சல் என்பது நெடுங்காலமாக வீட்டாரும் அண்டை அயலாரும் கற்றுக்கொடுக்கும் திறனாகவே இருந்துவந்துள்ளது. பாசனக் கிணறு, ஏரி, ஊருணி, கோயில் தெப்பக்குளம் ஆகியவை கற்கும் இடங்கள். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டியோ, வாழைமரத் துண்டைப் பிடிக்கச் செய்தோ பிள்ளைகளை நீரில் இறக்குவர். பின்னாளில் அவ்விடத்தை லாரி டியூபும் பிளாஸ்டிக் குடமும் பிடித்தன. எவ்வளவு முயன்றும் மிதக்கத் தெரியாதவரின் நீச்சலைக் 'கடப்பாரை நீச்சல்' எனக் கேலியாகக் கூறுவதும் உண்டு.

இவ்வாறு கற்ற நீச்சலுக்கும் போட்டி நீச்சலுக்கும் இடையே பெரிய வேறுபாடு உள்ளது. கிணற்று நீச்சலின் நோக்கம் மூழ்காமல் கரையேறுவதாகும். தலை நீருக்கு மேலேயே இருக்கும். மூச்சு இயல்பாக நடைபெறும். போட்டி நீச்சலிலோ முகம் நீருக்குள் இருக்க வேண்டும். மூச்சைப் பக்கவாட்டில் திரும்பி எடுத்து, நீருக்குள் விட வேண்டும். உடல் நீர்மட்டத்தோடு கிடையாக இருந்தால்தான் நீரின் எதிர்ப்பு குறையும். கிணற்றில் துணிச்சலுடன் நீந்தும் பிள்ளை, பயிற்சி மையத்தில் சேர்ந்தவுடன் மூச்சு விடுவதை முதலிலிருந்து கற்க நேர்வது இதனால்தான்.

குளமும் கழகமும்

நீச்சல் குளம் இருப்பதும் நீச்சல் கழகம் இருப்பதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை உணராமல் தமிழ்நாட்டு நீச்சலின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இயலாது.

பெரும்பாலான பொதுக் குளங்கள் மணிக்கணக்கில் கட்டணம் பெற்று அனைவரையும் அனுமதிப்பவை. கோடை விடுமுறையில் நடைபெறும் பயிற்சி முகாம்களில் சிறுவர்கள் பெருந்திரளாகச் சேர்வர். பள்ளி திறந்தவுடன் அவர்களுள் மிகச் சிலரே எஞ்சுவர். கழகம் என்பது அந்த மிகச் சிலருக்காக ஆண்டு முழுவதும் இயங்கும் அமைப்பாகும். அங்குப் பயிற்சியாளர் ஒருவர் ஒவ்வொரு பிள்ளையின் நேரத்தையும் ஏட்டில் குறித்துவைத்து, பருவத்திற்கேற்பப் பயிற்சியின் அளவைக் கூட்டியும் குறைத்தும் நடத்துவார். காலை ஐந்து மணி அளவில் ஒரு முறை, பள்ளி முடிந்து மாலையில் ஒரு முறை எனப் பயிற்சி அமையும். போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் தொலைவைக் குறைத்து உடலுக்கு ஓய்வளிப்பதும் இம்முறையின் ஒரு பகுதியாகும். குளத்தில் ஓரிரு தடங்கள் இக்குழுவினருக்கென ஒதுக்கப்படாவிடில் இவற்றுள் எதுவும் நடைபெறாது. பொதுமக்களுக்கும் போட்டிக் குழுவினருக்கும் இடையே தடங்களைப் பகிர்வதில் எழும் இழுபறி உலகெங்கும் நீச்சல் கழகங்கள் அறிந்த ஒன்றாகும்.

வயதுப் பிரிவுகளும் விதிகளும்

தேசிய இளையோர் போட்டிகளில் 15 முதல் 17 வயதினர் முதற் பிரிவில் அடங்குவர். அதற்குக் கீழுள்ளோர் அடுத்தடுத்த பிரிவுகளில் நீந்துவர். இளைய பிரிவினருக்கு சப்-ஜூனியர் போட்டிகள் தனியே உள்ளன. வயது, அவ்வாண்டு திசம்பர் 31 ஆம் நாளைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஆகவே ஆண்டின் தொடக்கத்தில் பிறந்த பிள்ளைக்கு, அதே பிரிவில் ஆண்டிறுதியில் பிறந்த பிள்ளையைக் காட்டிலும் பல மாத வளர்ச்சி கூடுதலாக இருக்கும். பன்னிரண்டு வயதில் இது சிறிய வேறுபாடன்று.

முழுநீளக் குளம் 50 மீட்டர் நீளமும், ஒவ்வொரு தடமும் 2.5 மீட்டர் அகலமும் கொண்டதாகும். ஃப்ரீஸ்டைல், மல்லாந்த நீச்சல், மார்பு நீச்சல், பட்டர்ஃப்ளை எனப்படும் வண்ணத்துப்பூச்சி நீச்சல் ஆகிய நான்கு பாணிகளும், நான்கையும் ஒருவரே நீந்தும் கலப்பு நீச்சலும், நால்வர் அடுத்தடுத்து நீந்தும் தொடர் நீச்சலும் போட்டிகளில் இடம்பெறும். மார்பு நீச்சலிலும் வண்ணத்துப்பூச்சி நீச்சலிலும் திரும்பும்போதும் முடிக்கும்போதும் சுவரை இரு கைகளாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். சிறுவர்கள் தகுதிநீக்கம் பெறுவது பெரும்பாலும் இத்தகைய விதிகளில் தவறுவதால்தான். பிள்ளை முதலாவதாக வந்தும் பெயர் பட்டியலில் இல்லையே எனக் குழம்பும் பெற்றோரை எந்த மாவட்டப் போட்டியிலும் காணலாம்.

முதன்மைப் போட்டிகளில் நேரம் தொடுபலகைகளின் வழியாக ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு வரை அளவிடப்படுகிறது. அடுத்த நிலைப் போட்டிக்குச் செல்வதைப் பல இடங்களில் பதக்கத்தை விடத் தகுதி நேரமே முடிவு செய்யும்.

வேளச்சேரி நீச்சல் வளாகம்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992 இல் அமைக்கப்பட்டது. 1995 திசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் சென்னையில் நடைபெற்றபோது, அவற்றுக்காக வேளச்சேரியில் நீச்சல் வளாகம் ஒன்று கட்டப்பட்டது. பன்னாட்டு அளவுகொண்ட குளத்தில் ஆண்டுதோறும் நீந்தும் வாய்ப்பு சென்னைச் சிறுவர்களுக்கு இதன் மூலம் கிடைத்தது. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளின் நீச்சல் பிரிவும் இங்கேயே நடந்தது. இளையோருக்கென்றே நடத்தப்படும் தேசியப் போட்டி ஒன்றைச் சொந்த ஊர்க் குளத்தில் எதிர்கொள்ளும் வாய்ப்பு, இதற்கு முந்தைய தலைமுறையினருக்கு அரிதாகவே அமைந்தது.

குற்றாலீஸ்வரன்

1981 இல் பிறந்த குற்றாலீஸ்வரன், சென்னை அண்ணா நீச்சல் குளத்தில் கோடை முகாம் ஒன்றின் வழியாக நீச்சலுக்கு வந்தவர். பயிற்சியாளர் கே. எஸ். இளங்கோவன் இவரிடம் இருந்த நெடுந்தொலைவு நீந்தும் ஆற்றலைக் கண்டு வளர்த்தார். 1994 ஏப்ரலில், தமது 12 ஆம் வயதில், பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954 இல் கடந்த நீரிணை இதுவே. 1966 இல் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தியதும் இந்நீரிணையில்தான். குற்றாலீஸ்வரன் அதே ஆண்டில் ஆங்கிலக் கால்வாய், இத்தாலியின் மெசினா நீரிணை, ஆத்திரேலியாவின் ராட்னெஸ்ட் கால்வாய் உள்ளிட்ட நீர்ப்பரப்புகளையும் கடந்து, ஓராண்டில் ஆறு எனக் கணக்கை முடித்தார். மிகிர் சென் 1966 இல் ஓராண்டுக்குள் ஐந்து நீர்ப்பரப்புகளைக் கடந்து படைத்த சாதனை இதனால் முறியடிக்கப்பட்டது. அருச்சுனா விருது இவருக்கு 1996 இல் வழங்கப்பட்டது.

இச்சாதனைக்குப் பின்னர் இவர் செல்வதற்குரிய அடுத்த படி எதுவும் இருக்கவில்லை. அக்காலத்தில் ஒலிம்பிக்கில் மிக நீண்ட நீச்சல் 1500 மீட்டர் மட்டுமே. 10 கிலோமீட்டர் திறந்தவெளி நீச்சல் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில்தான் சேர்க்கப்பட்டது. கால்வாய் நீச்சலுக்குத் துணைப்படகு, பயணம், அனுமதி எனச் செலவு மிகுதி. போதிய பொருளாதார ஆதரவு கிட்டாத நிலையில் 1990களின் பிற்பகுதியில் நீச்சலை விட்டுப் பொறியியல் கல்விக்குச் சென்றார். ஆங்கிலக் கால்வாயைத் தனியாக நீந்துவோருக்கு இன்று குறைந்தபட்ச வயது 16 என்பதால், பன்னிரண்டு வயதினர் எவரும் அவ்வழியே செல்ல இயலாது.

நிஷா மில்லட்

1982 இல் பிறந்த நிஷா மில்லட் ஐந்து வயதில் நீரில் மூழ்கும் நிலைக்குச் சென்று மீண்டவர். மகளின் நீரச்சத்தைப் போக்க விரும்பிய தந்தை, 1991 இல் சென்னை செனாய் நகர்க் கழகக் குளத்தில் அவருக்கு நீச்சல் கற்பித்தார். மறு ஆண்டே 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் மாநில அளவில் பதக்கம் பெற்றார். அச்சத்தைப் போக்கத் தொடங்கிய முயற்சி ஓராண்டில் போட்டிக்குக் கொண்டுசென்றது என்பது, ஊர்க் கழகக் குளம் ஒன்று என்ன செய்ய இயலும் என்பதற்குச் சான்றாகும்.

பின்னர் குடும்பத்தார் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தனர். 1999 இல் மணிப்பூரில் நடைபெற்ற தேசிய விளையாட்டுப் போட்டிகளில் 14 தங்கப் பதக்கங்கள் வென்றார். 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை ஒரு நிமிடத்திற்குள் நீந்திய முதல் இந்தியப் பெண்ணும் இவரே. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் இந்தியாவின் சார்பில் நீந்தினார்.

நெய்வேலியும் சாஜன் பிரகாஷும்

சென்னைக்கு வெளியே இத்துறையில் குறிப்பிடத்தக்க ஊர் கடலூர் மாவட்டத்தின் நெய்வேலியாகும். 1956 இல் தொடங்கப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனம், சுரங்கத்தோடு ஊழியர் நகரியம் ஒன்றையும் அமைத்தது. பள்ளி, மருத்துவமனை, விளையாட்டுத் திடல் போன்றே நீச்சல் குளமும் அந்நகரியத்தில் உண்டு.

1993 இல் கேரளத்தின் இடுக்கியில் பிறந்த சாஜன் பிரகாஷின் தாய் வி. ஜே. சாந்திமோள் ஓட்ட வீராங்கனை. நெய்வேலி நிறுவனத்தில் பணியாற்றியவர். மகன் நீச்சல் கற்றது நெய்வேலியில். பின்னர் பெங்களூரில் பயிற்சியாளர் பிரதீப் குமாரிடம் சேர்ந்தார். 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளில் கேரளத்தின் சார்பில் 6 தங்கமும் 3 வெள்ளியும் வென்றார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் பங்கேற்றார்.

2021 சூன் மாதம் ரோம் நகரில் அதே நீச்சலை 1 நிமிடம் 56.38 நொடியில் முடித்தார். ஒலிம்பிக் 'ஏ' தகுதி நேரம் 1 நிமிடம் 56.48 நொடி. ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு வேறுபாட்டில், நேரடித் தகுதி பெற்ற முதல் இந்திய நீச்சல் வீரரானார். கழுத்து வட்டுக் காயத்திலிருந்து மீண்டபின் இதனைச் செய்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

வடக்குத் தொழிற்பகுதி

நெய்வேலியோடு ஒப்பிடத்தக்கது சென்னைக்கு வடக்கேயுள்ள திருவள்ளூர்–கும்மிடிப்பூண்டி தொழிற்பகுதியாகும். 1997 இல் உருவான திருவள்ளூர் மாவட்டத்தில் நீர்நிலைகளுக்குக் குறைவில்லை. 1876 இல் கட்டப்பட்ட புழல் ஏரியும், கொசத்தலையாற்றின் குறுக்கே 1944 இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கமும் சென்னையின் குடிநீர் ஆதாரங்கள். பழவேற்காட்டு ஏரிக்கரையில் மீனவர் குடியிருப்புகள் உள்ளன. ஆயினும் இவை எவையும் பயிற்சிக்கு உரிய குளங்கள் அல்ல. ஏரியில் தடக் கயிறும் தொடுபலகையும் இல்லை. ஆழம் இடத்துக்கு இடம் மாறும். மழைக்கும் வறட்சிக்கும் ஏற்ப நீர்மட்டமும் மாறும்.

1971 இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனத்தின் தொழிற்பேட்டைகள், தொழிற்சாலைகளுக்கு மனை ஒதுக்கும் நோக்கில் அமைக்கப்பட்டவை. நெய்வேலி போன்று ஒரே நிறுவனம் குடியிருப்பையும் பள்ளியையும் குளத்தையும் சேர்த்துக் கட்டும் முறை அங்கு இல்லை. ஊழியர்கள் சுற்றுவட்டார ஊர்களில் தனித்தனியே குடியிருப்பவர்கள். எனவே சாஜனின் தாயைப் போன்ற ஒரு பணியாளர், வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் தம் பிள்ளைக்குக் குளம் காணும் வாய்ப்பு இங்கு அமைவது கடினம். கும்மிடிப்பூண்டி, சென்னை சென்ட்ரலிலிருந்து புறநகர் இருப்புப்பாதையில் ஏறத்தாழ 48 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வேளச்சேரி நகரின் தென்கோடியில் உள்ளது. காலை ஐந்தரை மணிப் பயிற்சிக்கு அங்கிருந்து நாள்தோறும் ஒரு பிள்ளை வந்து, மீண்டும் பள்ளி மணிக்குத் திரும்புவது நடைமுறையில் இயலாது எனலாம்.

பள்ளித் தேர்வும் இடைவிலகலும்

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஆகியவற்றின் அரசுப் பொதுத்தேர்வுகள் பதினைந்து முதல் பதினெட்டு வயதுக்குள் வருகின்றன. இளையோர் நீச்சலின் முதற் பிரிவு 15 முதல் 17 வயது வரை. பயிற்சியின் அளவு மிகக் கூட வேண்டிய ஆண்டுகளும், தனிப்பயிற்சி வகுப்புகள் காலையையும் மாலையையும் எடுத்துக்கொள்ளும் ஆண்டுகளும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. பத்தாம் வகுப்புக்கு முன் விலகுவோரைப் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் தடுப்பதில்லை. தேர்வு முடிந்து திரும்பி வருமாறே கூறுவர். ஓராண்டு இடைவெளிக்குப் பின் திரும்பும் பிள்ளைக்குப் பழைய நேரத்தை எட்டவே பல மாதங்கள் தேவைப்படும். உயர்கல்வியில் விளையாட்டு ஒதுக்கீடு இருப்பதால் சிலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தொடர்கின்றனர். எனினும் அவ்வொதுக்கீட்டில் இடம் கிடைத்தவுடன் நீச்சலை நிறுத்திவிடுவோரும் உளர்.

நீச்சலில் உச்சம் பள்ளி வயதோடு முடிவதில்லை. நிஷா மில்லட் சிட்னியில் நீந்தியபோது அவருக்கு வயது 18. சாஜன் பிரகாஷுக்கு ரியோவில் 22, தோக்கியோவில் 27.