கசப்பை நீக்கியவர்கள்: அந்தீஸ் மலைநாட்டில் உணவு ஆராய்ச்சியின் வரலாறு

பெரு, பொலிவியா, எக்குவடோர் நாடுகளின் முதுகெலும்பாக நிற்கும் அந்தீஸ் மலைநாட்டில் விவசாய ஆராய்ச்சி எப்போது தொடங்கியது? நூல்களைப் புரட்டினால் 20ஆம் நூற்றாண்டு என்றுதான் பெரும்பாலும் பதில் கிடைக்கும். ஆய்வு நிலையம், பட்டம் பெற்ற விஞ்ஞானி, அச்சிட்ட அறிக்கை ஆகிய மூன்றும் இருந்தால்தான் அது ஆராய்ச்சி என்று வைத்துக்கொண்டால் அந்தப் பதில் சரி. ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அந்த விஞ்ஞானிகள் போய் எதைச் சேகரித்தார்கள்? யாரோ ஏற்கனவே கண்டுபிடித்து, தெரிந்தெடுத்து, பெயர் வைத்துப் பாதுகாத்த பயிர்களைத்தானே.

தித்திகாக்கா ஏரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,800 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பகலில் வெயில் சுடும், இரவில் உறைபனி விழும். அந்த ஏரியைச் சூழ்ந்த பிரதேசத்தில்தான் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்னர் மனிதர் உருளைக்கிழங்கைப் பயிராக்கினர். காட்டுக் கிழங்கு கசக்கும், சிலது நஞ்சு. கசப்பு குறைந்ததைத் தெரிந்தெடுத்து நட்டார்கள். ஆனால் உறைபனியைத் தாங்குகிற கிழங்குகளோ கசப்பானவையாகவே இருந்தன. அவற்றையும் அவர்கள் சும்மா விட்டுவிடவில்லை. ஜூன், ஜூலை மாதக் கடுங்குளிர் இரவுகளில் கிழங்கை வெளியில் பரப்பி உறையவிட்டார்கள். பகலில் அது இளகியதும் காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்தார்கள். பிறகு வெயிலில் காயவைத்தார்கள். வெள்ளை வகைக்கு, ஓடும் நீரில் பல நாட்கள் ஊறவைப்பதும் உண்டு. இப்படிக் கிடைக்கும் காய்ந்த கிழங்குக்கு 'சூன்யோ' என்று பெயர். இது கல் மாதிரி இருக்கும். பாரம் குறைவு, வருடக்கணக்கில் பழுதாகாது. பயிரை அழிக்கும் உறைபனியையே களஞ்சியத்தின் காவலாளியாக மாற்றிவிட்டார்கள்.

கீனுவாவின் கதையும் இப்படித்தான். அதன் விதையின் மேற்புறத்தில் சபோனின் என்ற கசப்புப் பொருள் இருக்கிறது. அதனால் பறவைகள் அதிகம் நெருங்குவதில்லை. தேய்த்துக் கழுவினால் அது நுரையாகப் போய்விடும். மிஞ்சுகிற தானியத்தில் அரிசியிலும் கோதுமையிலும் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் தாராளமாக உண்டு. 'தர்வி' என்ற அவரை இனத்தின் விதையில் ஏறத்தாழ 40 சதவீதம் புரதம். அதிலும் நச்சுக் கசப்பு உண்டு, வேகவைத்துப் பல நாட்கள் ஓடும் நீரில் போட்டு வைத்தால்தான் தின்னலாம். எத்தனை நாள், எவ்வளவு தண்ணீர், எப்போது போதும் என்பதை எத்தனையோ தலைமுறைப் பெண்கள் நாக்கால் சோதித்துச் சோதித்து நிர்ணயித்தார்கள். இதற்கு ஆராய்ச்சி என்று பெயர் இல்லாவிட்டால் வேறு என்ன பெயர்?

இன்கா அரசு இந்த அறிவின் மேல்தான் எழுந்தது. மலைச்சரிவுகளில் படிவயல்கள், வாய்க்கால்கள், குளிர்காற்று ஊடாடும் 'கொல்கா' களஞ்சியங்கள் ஆகியவற்றை அது பெருமளவில் கட்டியது. படைக்கும் வேலையாட்களுக்கும் அங்கிருந்துதான் சாப்பாடு போனது.

பிறகு ஸ்பானியர் வந்தனர். 1553இல் செவில் நகரில் அச்சான பெத்ரோ சியேஸா தெ லெயோனின் நூலில் உருளைக்கிழங்கும் சூன்யோவும் பதிவாகின. பொட்டோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு சூன்யோ கொண்டுபோய் விற்றே சில ஸ்பானியர் பணக்காரரானார்கள் என்று அவர் எழுதுகிறார். சுரங்கத்தில் இறங்கியவனுக்கு அது கூலிச் சோறு, விற்றவனுக்கு அது செல்வம். ஆனாலும் கோதுமை ரொட்டிதான் மரியாதையான உணவு என்றும் கிழங்கும் கீனுவாவும் 'இந்தியர் சாப்பாடு' என்றும் ஒரு எண்ணம் ஊன்றியது. அந்த இழிவு நானூறு வருடம் நின்றது.

இந்த இடத்தில் நம் வாசகர்கள் கவனிக்க ஒரு சின்ன விசயம் இருக்கிறது. அந்தீஸின் பழைய வாய்க்கால்களை ஸ்பானியர் 'அசேக்கியா' என்றார்கள். இன்றும் அங்கே அதுதான் பெயர். அது 'அஸ்-ஸாகியா' என்ற அரபுச் சொல். அந்தலூசிய முஸ்லிம் கமக்காரர்களிடமிருந்து ஸ்பெயின் பெற்றது. 1492இல் கிரனாடாவைக் கைப்பற்றி, பின்னர் முஸ்லிம்களை வெளியேற்றியவர்கள், அவர்களுடைய நீர்ப்பாசனச் சொல்லை மட்டும் கடல் கடந்து எடுத்துப்போய் இன்னொரு சமூகம் வெட்டிய வாய்க்காலுக்குச் சூட்டினார்கள். அறிவு பயணம் போகும்போது அதன் சொந்தக்காரர் பின்தங்கிவிடுவது வரலாற்றில் புதிதல்ல.

நவீன ஆராய்ச்சி 1920களில் மலையேறியது. சோவியத் தாவரவியலாளர் யூசெப்சுக் பெரு, பொலிவியா, சிலி நாடுகளில் கிழங்கு வகைகளைச் சேகரித்தார். அவருடைய சகா புகாசோவ் அவற்றை வகைப்படுத்தினார். சூன்யோ செய்யப் பயன்படும் ஒரு கசப்புக் கிழங்குக்கு இன்று அறிவியல் பெயர் 'சொலானும் யூசெப்சுக்கியை'. அதை ஆயிரக்கணக்கான வருடம் வளர்த்தவர்களின் பெயர் அதில் இல்லை.

இதைச் சொல்லும்போது அந்த விஞ்ஞானிகளின் தியாகத்தையும் மறைக்கக் கூடாது. அவர்களுடைய தலைவர் நிக்கொலாய் வாவிலோவ் 1932இல் தாமே அந்தீஸுக்கு வந்தார். பயிர்களின் பிறப்பிடங்களைத் தேடிய அந்த மனிதர் ஸ்டாலின் ஆட்சியில் 1940இல் கைதாகி, 1943 ஜனவரியில் சரத்தோவ் சிறையில் உயிர்விட்டார். லெனின்கிராட் முற்றுகையின்போது அவருடைய நிறுவகத்தினர் ஷெல் வீச்சுக்கு நடுவே கிழங்கு மாதிரிகளைத் தோண்டி எடுத்து, நிலவறையில் உறையாமல் காத்தார்கள். சுற்றிலும் விதையும் கிழங்கும் தானியமும் இருந்தபோதே அவர்களில் பலர் பட்டினியால் மடிந்தார்கள். அது அமானிதம் என்று நினைத்ததால்தான் கை வைக்கவில்லை.

ஆய்வாளர் விதையைப் பார்த்தார், மனிதனைப் பார்த்தாரா? இந்தக் கேள்விக்கு 1952இல் ஒரு பதில் முயற்சி நடந்தது. பெருவின் அங்காஷ் மாநிலத்தில் விக்கோஸ் என்ற பண்ணையை அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகம் குத்தகைக்கு எடுத்தது. மானிடவியலாளர் அலன் ஹோம்பெர்க் முன்னின்றார். அங்கிருந்த குடும்பங்கள் வாரத்தில் மூன்று நாள் பண்ணைக்கு உழைக்கக் கடமைப்பட்டவர்கள், கிட்டத்தட்ட அடிமைகள். நோயற்ற விதைக்கிழங்கும் உரமும் வந்தன, விளைச்சல் பெருகியது. பாடசாலை வந்தது, பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு வந்தது. கிழங்கு விற்ற காசும் சேர, 1962இல் அந்தச் சமூகம் தன் நிலத்தைத் தானே விலைக்கு வாங்கியது. இது சின்னச் சாதனையல்ல. ஆனால் புதிய விதை இரசாயன உரமும் மருந்தும் கேட்டது. பழைய கிழங்கு வகைகள் ஒதுங்கத் தொடங்கின.

1971இல் லீமாவில் சர்வதேச உருளைக்கிழங்கு மையம் உருவானது. குஸ்கோவில் பிறந்த கார்லோஸ் ஒச்சோவா போன்றோர் காட்டுக் கிழங்குகளைத் தேடி மலை மலையாக அலைந்து சேர்த்த அறிவு அங்கே வந்து சேர்ந்தது. 1977இல் அயகுச்சோவில் அந்தீஸ் பயிர்கள் பற்றிய முதல் சர்வதேச மாநாடு நடந்தது. இரண்டு வருடம் கழித்து மரியோ தப்பியாவும் சகாக்களும் கீனுவா பற்றியும் அதன் உறவுப் பயிரான கன்யீவா பற்றியும் ஒரு நூல் வெளியிட்டார்கள். 'இந்தியர் சாப்பாடு' பல்கலைக்கழகத்துக்குள் மரியாதையோடு நுழைந்த காலம் அது. அதே அயகுச்சோவின் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிப்பித்த அபிமாயெல் குஸ்மானின் 'ஒளிரும் பாதை' இயக்கம் 1980இல் ஆயுதம் தூக்கியது. இயக்கத்துக்கும் இராணுவத்துக்கும் நடுவே அகப்பட்டவர்கள் கெச்சுவா மொழி பேசிய கமக்காரர்களே. கிராமம் காலியாகும்போது விதையும் காலியாகும். யுத்தம் கண்ட நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அதே 1980களில் இன்னொரு ஆய்வு நடந்தது. தித்திகாக்கா கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த 'வாரு வாரு' என்ற மேட்டுப்பாத்திகளைத் தொல்லியலாளர் கிளார்க் எரிக்சன் ஊர்க்காரரோடு சேர்ந்து திரும்பக் கட்டினார். மேடும் கால்வாயும் மாறி மாறி வரும் அமைப்பு அது. பகலில் கால்வாய் நீர் சூடாகும். இரவில் அந்தச் சூடு வெளியேறி உறைபனியைத் தணிக்கும். அப்பகுதியில் வழக்கமாக ஹெக்டயருக்கு 1 முதல் 4 தொன் கிழங்கு கிடைக்க, சோதனைப் பாத்திகளில் சராசரியாக 10 தொன் அளவில் கிடைத்தது. ஆனால் திட்டங்களின் காசு நின்றதும் பல பாத்திகள் மறுபடி கைவிடப்பட்டன. வேலையாட்கள் நகரத்துக்குப் போயிருந்தார்கள். பழைய தொழில்நுட்பம் திரும்ப வரலாம், பழைய ஊர்க்கட்டமைப்பு அவ்வளவு இலேசில் திரும்பாது.

1994இல் அமானிதம் உடைந்த ஒரு சம்பவம் நிகழ்ந்தது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், 'அப்பெலாவா' என்ற பொலிவிய கீனுவா வகையோடு தொடர்புடைய ஆண்மலட்டுத் தன்மைக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். கலப்பின விதை செய்ய அது உதவும். பொலிவியாவின் கீனுவா உற்பத்தியாளர் சங்கம் எதிர்த்து நின்றது. எங்கள் முன்னோர் வளர்த்ததை நீங்கள் எப்படி உங்களுடையது என்பீர்கள் என்பதே அவர்களின் வாதம். 1998இல் அந்தக் காப்புரிமை கைவிடப்பட்டது.

எதிர்த்திசையில் ஓர் உடன்பாடு 2004இல் ஏற்பட்டது. குஸ்கோவுக்கு அருகே பிசாக் பகுதியின் ஆறு சமூகங்கள் சேர்ந்து அமைத்த 'உருளைக்கிழங்குப் பூங்கா'வுக்கு, லீமா மையம் தான் முன்னர் சேகரித்த வகைகளை நோய் நீக்கித் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தது. 400க்கு மேற்பட்ட வகைகள் பிறந்த மண்ணுக்குத் திரும்பின. ஆய்வுகூடம் கிராமத்திடம் கடனைத் திருப்பிய அரிய நிகழ்வு இது.

இத்தனை போசாக்கான பயிர்கள் இருந்தும் அங்குள்ள பிள்ளைகள் ஏன் வளர்ச்சி குன்றினார்கள்? பாரம்பரியத்தைப் புகழ்வதோடு நின்றுவிடுகிறவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுவார்கள். லீமாவில் குழந்தைப் போசாக்கு ஆய்வுகள் காட்டிய ஓர் உண்மை உண்டு. கிழங்கின் புரதம் தரமானது, ஆனால் சின்னக் குழந்தையின் வயிறு கொள்ளும் அளவைவிட அதிகம் சாப்பிட்டால்தான் தேவையான சக்தி கிடைக்கும். அதோடு சுத்தமில்லாத தண்ணீர், அடிக்கடி வயிற்றோட்டம், எட்டாத வைத்தியசாலை. பெருவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வளர்ச்சி குன்றியோர் 2008இல் சுமார் 28 சதவீதம். 2016இல் அது சுமார் 13 சதவீதம். இதைச் சாதித்தது ஒரு அதிசயத் தானியமல்ல. ஏழைத் தாய்மாருக்குக் காசு உதவி, மாதாந்த நிறை, உயரக் கணிப்பு, தடுப்பூசி, அரசின் விடாப்பிடி எல்லாம் சேர்ந்து செய்த வேலை.

ஆனாலும் 2017இல் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 43.6 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. கீனுவா விளைச்சலில் பேர்பெற்ற பூனோ மாநிலமே இதிலும் முதலிடம். உயரமான இடங்களில் இரத்தசோகையை அளக்கும் கணக்கு சரிதானா என்று விஞ்ஞானிகள் விவாதிக்கிறார்கள். விவாதம் எப்படி முடிந்தாலும் ஒன்று தெளிவு. 2013ஐ ஐக்கிய நாடுகள் சபை கீனுவா ஆண்டாக அறிவித்து உலகமே புகழ்ந்தபோதும், விளைவித்தவரின் வீட்டுப் பிள்ளைக்கு இரும்புச்சத்து தானாக வந்துவிடவில்லை.

நம் நாட்டுக்கும் அந்த மலையோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. ஹக்கல பூங்கா 1861இல் தொடங்கப்பட்டது அந்தீஸின் சின்கோனா மரத்தை வளர்க்கத்தான். காய்ச்சலுக்கான கொயினா மருந்து அதன் பட்டையிலிருந்து வந்தது. மரத்தைக் கொண்டுவந்த பேரரசின் பெயர் நமக்குத் தெரியும், பட்டையின் குணத்தைக் காட்டிக்கொடுத்தவர்களின் பெயர் தெரியாது.

அறிவு, அமானிதம் என்று நாம் படித்திருக்கிறோம். அமானிதத்துக்கு இரண்டு கடமை: பழுதாக்காமல் காப்பது, உரியவரிடம் ஒப்படைப்பது. லெனின்கிராட்டில் பட்டினி கிடந்தவர்கள் முதலாவதைச் செய்தார்கள். பிசாக்குக்குக் கிழங்கு திரும்பிய நாளில் இரண்டாவது தொடங்கியது. பூனோவின் பிள்ளைக்கு இரத்தம் ஊறும் நாள்வரை அந்த ஒப்படைப்பு நிறைவாகாது.