கொல்லிமலையில் வன உரிமைச் சட்டம்

வன உரிமைச் சட்டம், 2006 என்பது காடுகளில் வாழும் பழங்குடியினர், பிற மரபுவழி வனவாசிகள் ஆகியோரின் நில, வன உரிமைகளை ஏற்பதற்காக இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஆகும். தமிழ்நாட்டின் நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலையில் மக்கள் தொகையின் பெரும்பகுதியினர் மலையாளி என்னும் பட்டியல் பழங்குடியினர் ஆவர் (கேரளத்து மலையாளிகள் வேறு). சட்டமன்றங்கள், நிர்வாகம், நீதித்துறை ஆகியவை ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் முறையின் பயனையும் அதன் விலையையும் இச்சட்டத்தின் வரலாறு காட்டுகிறது.

அரசியலமைப்பில் கொல்லிமலையின் நிலை

அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணை, பட்டியல் பகுதிகளில் மாநில நிர்வாகத்தின் அதிகாரத்திற்கு வரம்பு விதிக்கிறது. தமிழ்நாட்டில் எப்பகுதியும் அவ்வாறு அறிவிக்கப்படவில்லை. ஆகவே, அப்பகுதிகளின் கிராம சபைகளுக்கு 1996 ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த சிறப்பு அதிகாரங்கள் கொல்லிமலையின் ஊராட்சிகளுக்குக் கிடையா. மாநிலத்தில் பழங்குடியினர் ஆலோசனைக் குழு உண்டு. ஆனால் அதன் பணி, பெயருக்கேற்ப, ஆலோசனை கூறுவதே. 234 சட்டமன்றத் தொகுதிகளுள் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டு மட்டுமே. கொல்லிமலையை உள்ளடக்கிய சேந்தமங்கலம் அவற்றுள் ஒன்று, மற்றது ஏற்காடு.

இக்குறையை வன உரிமைச் சட்டம் ஓரளவு ஈடுசெய்தது எனலாம். இது பட்டியல் பகுதிகளுக்கு வெளியிலும் செல்லும். உரிமைக் கோரிக்கையை முதலில் ஆராய்வது கிராம சபை. பின்னர் உட்கோட்டக் குழு. இறுதி முடிவு மாவட்டக் குழுவுடையது. இக்குழுக்களில் வருவாய், வனத்துறை, பழங்குடியினர் நல அலுவலர்களுடன் ஊராட்சி அமைப்புகளின் உறுப்பினர் மூவர் இடம்பெறுவர். இதனால் வனத்துறை தானே வழக்காளியும் தானே தீர்ப்பாளியுமாக இருக்க இயலாது. விசாரணை முடியும்வரை எவரையும் வெளியேற்றவும் கூடாது.

நீதிமன்றத் தடை

சட்டம் 2007 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்தது. 2008 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், கோரிக்கைகளை ஆராயலாம், ஆனால் தன் அனுமதியின்றி உரிமைச் சான்று வழங்கலாகாது என இடைக்கால ஆணையிட்டது. காடு அழியும் என்ற அச்சமே வழக்கின் அடிப்படை. நாடாளுமன்றம் வழங்கிய உரிமை தமிழ்நாடு முழுவதும் ஆண்டுக்கணக்கில் தாளிலேயே நின்றது. 2016 இல் உச்ச நீதிமன்றத்தின் வழியாக இத்தடை நீங்கியது.

பிற நிகழ்வுகள்

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. கொல்லிமலையைப் போலவே பாக்சைட்டுத் தாது உள்ள ஒடிசாவின் நியம்கிரி மலையில், சுரங்கம் பற்றிய கோரிக்கைகளைக் கிராம சபைகளே ஆராய வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 18 அன்று தீர்ப்பளித்தது. அங்கு கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கத்தை மறுத்தன. 2019 பெப்ரவரி 13 அன்று, கோரிக்கை மறுக்கப்பட்டோரை வெளியேற்றுமாறு அதே நீதிமன்றம் ஆணையிட்டது. நடுவண் அரசு முறையிட்டபின், பெப்ரவரி 28 அன்று அவ்வாணையைத் தானே நிறுத்தி வைத்தது.