தேக்கு: வளரிடமும் கட்டையின் தரமும்

தேக்கு, இந்தியா, மியன்மார், தாய்லாந்து, லாவோஸ் நாட்டுக் காடுகளுக்கு உரிய இலையுதிர் மரம். தாவரவியல் பெயர் டெக்டோனா கிராண்டிஸ். முன்பு வெர்பினேசி குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்தது. இப்போது லேமியேசி குடும்பத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. இதன் கட்டையின் தரத்தை வயதோடு மண், மழை, வறண்ட பருவம், அண்டை மரங்களின் நெருக்கம் ஆகியவையும் தீர்மானிக்கின்றன.

வரலாறு

மலபார்த் தேக்கின் பெருமை கப்பல் கட்டும் தளங்களில் எழுந்தது. 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டிய ‘திருகோணமலை’ போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதக்கிறது. கப்பல் கட்டும் மரத்தின் தேவைக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி 1806இல் கேப்டன் வாட்சனைக் காடுகளின் காப்பாளராக அமர்த்தியது. அவர் காலத்தில் மலபார்க் காடுகள் ஈவிரக்கமின்றி வெட்டப்பட்டன. 1823இல் அப்பதவி நீக்கப்பட்டது.

வெட்டிய இடத்தில் நட வேண்டும் என்ற எண்ணம் மலபார் கலெக்டர் கானலியால் 1840களில் நிலம்பூரில் செயலுக்கு வந்தது. தேக்கு விதை முளைக்க மறுத்த தொடக்க ஆண்டுகளின் சிக்கலைத் தீர்த்து, தோட்டத்தை நிலைநிறுத்தியவர் சாத்து மேனன். சாலியாற்றங்கரையின் ஆழமான வண்டல் மண் தேக்குக்கு எவ்வளவு ஏற்றது என்பதற்கு அங்கு எஞ்சியுள்ள அக்கால மரங்களே சான்று.

தமிழகத்தில் ஆனைமலை முதன்மையானது. மலையுச்சியிலிருந்து மரங்களைச் சரித்து விட்ட இடமே டாப்சிலிப். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வன அதிகாரி ஹியூகோ வுட் அங்கு அழிந்த காட்டை மீட்டார். அவரது கல்லறையும் தேக்குகளுக்கு இடையே அங்கேயே உள்ளது. அருகிலுள்ள பரம்பிக்குளத்தின் கன்னிமாராத் தேக்கு, இயற்கைக் காட்டில் வளர்ந்த மரங்களின் மாண்புக்கு எடுத்துக்காட்டு.

வளரிடத்தின் விளைவு

ஐரோப்பிய ஓக்கைப் போலவே தேக்கும் பருவத் தொடக்கத்தில் பெரிய துளைகளையும், பின்னர் தடித்த நார்களையும் இடும் மரம். துளைப்பகுதியின் அகலம் ஆண்டுக்காண்டு அதிகம் மாறாது. ஆகவே மிகக் குறுகிய ஆண்டு வளையங்களில் துளைகளே மிகுந்து கட்டை இலேசாகிறது. மிதமான அகலமுள்ள வளையங்களில் நார் மிகுகிறது. விரைந்து வளர்ந்த தேக்கு வலுவற்றது என்ற பழைய கருத்து இதனால் பொருந்தாது. குறை வயதில்தான் உள்ளது: முதல் இருபது ஆண்டுகளில் உருவாகும் நடுப்பகுதி முதிர்ந்த கட்டைக்கு ஈடாகாது.

மரத்தின் உட்கட்டையான வைரத்தின் நிறத்தையும் உறுதியையும் ஈரம் மாற்றுகிறது. கேரளத்தில் ஈரம் மிகுந்த வீட்டுத் தோட்டங்களில் வளர்ந்த தேக்கின் வைரம் வெளிறியும், பூஞ்சைக்கு எளிதில் இடம்கொடுத்தும் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கரையானைத் தடுக்கும் டெக்டோகுவினோன் போன்ற பொருள்கள் வைரத்தில்தான் சேர்கின்றன. மூன்று முதல் ஐந்து மாத வறட்சி உள்ள நிலத்து மரம் கருமை கலந்த ரேகையும் அழகும் பெறுகிறது. அறுத்த முகத்தில் வெளியே வெள்ளை வளையமும் உள்ளே பழுப்பு வைரமும் தெளிவாகப் பிரிந்து தெரியும்; இழைத்தால் பதனிட்ட தோலின் மணம் வீசும், விரலில் எண்ணெய்ப் பிசுக்குப் படும். தனித்து நிற்கும் மரம் பக்கக் கிளை விட்டுக் கணு நிறைந்ததாகும். நெருக்கமாக நட்டுப் படிப்படியாகக் களைந்தால் நெடிய, கணுவற்ற அடிமரம் கிடைக்கும்.

உத்திரமேரூர் வட்டாரம்

இந்த விதிகளைக் காடல்லாத ஓர் இடத்தில் பொருத்திப் பார்க்க உத்திரமேரூரை எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரம் மாவட்டத்தின் இப்பகுதி தேக்குக் காடு அன்று. ஏரிப் பாசன நாடு. இங்குள்ள சோழ மன்னன் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் ஊர்க் குழுக்களான ஏரி வாரியத்தோடு தோட்ட வாரியத்தையும் குறிப்பிடுகின்றன. ஆயக்கட்டுக் களிமண்ணில் நீர் தேங்குவதால் தேக்கின் வேர் மூச்சுத் திணறும். வடிகால் உள்ள செம்மண் புன்செயும் உயர்ந்த வரப்பும் பொருந்தும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் வரும் நீண்ட வறட்சி வைரத்துக்கு நன்மையே.

இன்றைய நிலை

தமிழகத்தில் உழவர்கள் சொந்த நிலத்தில் தேக்கு வளர்க்கின்றனர். ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்கத் தேக்கும் இறக்குமதியாகிறது.