நட்சத்திர மீனோட செல்ஃபியா? கொஞ்சம் பொறுங்க!

மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் முழங்கால் தண்ணியில நடக்குறீங்க. கடல்புல்லுக்கு நடுவுல சாம்பல் நிற உடம்பு, அது மேல சிவப்புச் சிவப்பாகக் குமிழ் முள், ஐந்து கைகள்னு ஏதோ கிடக்குது. பொம்மை இல்ல மக்களே, உயிருள்ள நட்சத்திர மீன்! 'புரோட்டோரியாஸ்டர் லிங்கி' என்பது அறிவியல் பெயர். மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் வாழும் இது, ஓர் அடி அகலம் வரைகூட வளரும்.

பேர்லதான் மீன். செதில், துடுப்பு, முதுகெலும்பு எதுவும் கிடையாது. மூளையும் இல்லை, ரத்தமும் இல்லை. உடம்புக்குள் குழாய் குழாயாக ஓடுவது கடல்நீர். அந்த நீரின் அழுத்தத்தில்தான் அடிப்பக்கம் உள்ள நூற்றுக்கணக்கான குட்டிக் குழாய்க்கால்கள் நீண்டு சுருங்கி, அதை நகர்த்துகின்றன. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு எளிய கண் உண்டு. சாப்பிடுற ஸ்டைல்தான் ஹைலைட்! வயிற்றையே வாய் வழியாக வெளியே தள்ளி, இரை மேல் போர்த்தி, செரித்துவிட்டு உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இப்போ அந்த செல்ஃபி விஷயம். தோலில் உள்ள மெல்லிய நீட்சிகளும் குழாய்க்கால்களும்தான் இதற்கு மூச்சுக்கருவி. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனைத்தான் இவை எடுக்கும். போஸ் சரியா வர்ற வரைக்கும் வெயிலில் தூக்கிப் பிடித்தால் அது திணறும். ஒட்டியிருப்பதைப் பிடித்து இழுத்தால் குழாய்க்கால்கள் பிய்ந்துவரும். "கை போனாலும் திரும்ப வளருமே?" வளரும்தான். ஆனா மாதக்கணக்கில் ஆகும். போட்டோ வேணும்னா போனை வாட்டர்ப்ரூஃப் பவுச்ல போட்டுட்டு நீங்க குனியுங்க.

அந்தமான், லட்சத்தீவு ட்ரிப்ல பத்துக்கும் மேல கைகளோட, உடம்பெல்லாம் ஊசி ஊசியா முள் இருக்குறதைப் பார்த்தா தள்ளியே நில்லுங்க. அது முள்கிரீட நட்சத்திர மீன், முள்ளில் விஷம் உண்டு.

கடலோரக் கடைகளில் சங்கு, சிப்பியோடு காய்ந்து கிடக்கும் நட்சத்திர மீன்களை ஆசையா வாங்காதீங்க. ஷோகேஸுக்காகவே உயிரோடு பிடித்துக் காயவைப்பது நடக்கிறது.

அலை கரையில் ஒதுக்கிய ஒன்றைப் பார்த்தால், அசைவில்லைனு செத்ததா முடிவு கட்டாதீங்க. அடிப்பக்கம் குழாய்க்கால்கள் நெளிந்தால் உயிர் இருக்கு. ஈரக் கையால் அடியில் தாங்கி, தண்ணிக்குள்ள கொண்டுபோய் மணலில் வைங்க. வீசக் கூடாது. கவிழ்ந்துட்டாலும் பதற வேண்டாம், கைகளை வளைத்துத் தானே திரும்பிக்கும். கொஞ்ச நேரம் ஆகும்தான். பக்கத்துலயே நின்னு வீடியோ எடுங்க, செல்ஃபியைவிட செம ஷாட் அது!