பொதிமாட்டின் முதுகும் மோட்டார் சைக்கிளின் தோற்பையும்

இரத்தினபுரியிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை சுமார் 12 மைல் தொலைவில், பெல்மதுளைச் சந்தியில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை ஓப்பநாயக்க, பலாங்கொடை வழியாக மலைநாட்டின் விளிம்பைத் தழுவிச் செல்லும். மற்றொன்று காவத்தை, கொடகவெல, எம்பிலிப்பிட்டி ஆகிய ஊர்களைக் கடந்து தென்கரை நோக்கி இறங்கும்; அக்கரையிலேயே அம்பாந்தோட்டை உப்பளங்கள் உள்ளன. இச்சந்தியில் மழைக்கு ஒதுங்கி நிற்கும் மோட்டார் சைக்கிள் ஒன்றின் பின்புறத்தில், இருபுறமும் தொங்கும் தோற்பைகளைக் காண்பவர், அதனை மேனாட்டார் கண்டுபிடித்த புதுமை என்றே எண்ணக்கூடும். ஆனால் அந்தப் பைகளின் வரலாறு மோட்டாரின் வரலாற்றைவிட மிக மூத்தது. வண்டிச் சாலைகள் தோன்றுமுன் இத்தீவின் உள்நாட்டு வாணிபத்தை நடத்திய பொதிமாட்டின் முதுகில் அதன் வேர் இருக்கின்றது.

பொதிமாட்டுக் கூட்டத்தைத் தவளம் என்பர். மலைநாட்டில் தவலந்தென்ன என்னும் ஊர்ப்பெயர் இன்றும் அச்சொல்லை நினைவூட்டி நிற்கின்றது. கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும் மேலே ஏறின. உள்நாட்டிலிருந்து பாக்கும் மிளகும் கீழே இறங்கின. முஸ்லிம் வணிகர் பலர் இத்தொழிலில் தேர்ச்சி பெற்றிருந்தனர். மாட்டின் முதுகில் முதலில் ஒரு திண்டு. அதன்மேல் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட இரண்டு பொதிகள், வலத்தில் ஒன்றும் இடத்தில் ஒன்றுமாக. இவ்வளவே அதன் அமைப்பு. ஆனால் இதற்குள் அடங்கிய நுட்பம் எளிதன்று. ஒருபுறம் கனத்தால் பொதி சரியும். சரிந்த பொதி தோலை உராய்ந்து புண்ணாக்கும். புண்பட்ட மாடு அடுத்த நாள் நடவாது. மாடு நடவாவிடில் வணிகனின் முதல் வழியிலேயே கிடக்க வேண்டியதுதான்.

தமிழர்க்கு இச்செய்தி புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, மிளகுப் பொதி சுமந்து செல்லும் கழுதைச் சாத்தைக் காட்டுகின்றது. அப்பொதி இருபுறமும் நிறையொத்து இணைந்தது என்பதையும், கழுதையின் வலிய முதுகில் சுமையால் ஏற்பட்ட தழும்பு நிலைத்திருந்தது என்பதையும் புலவர் கூறத் தவறவில்லை. பாட்டின் நாயகனாகிய தொண்டைமான் இளந்திரையனின் புகழுக்கிடையே ஒரு கழுதையின் தழும்புக்கும் இடம் கிடைத்திருப்பது எண்ணி மகிழத்தக்கது. நிறையொத்தும் தழும்பு விழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சமநிலை சுமையைச் சரியாமல் காக்கும். உராய்வைத் தடுக்க வேறொரு ஏற்பாடு வேண்டும்.

1885ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கோட்லீப் டெய்ம்லர் தம் துணைவர் மைபாஹுடன் சேர்ந்து, எண்ணெய் எஞ்சின் பூட்டிய இருசக்கர வண்டியொன்றை உருவாக்கினார். அவ்வண்டிக்கு அமைந்த இருக்கை ஒரு குதிரைச் சேணமே போன்றது. குதிரை போயிற்று, சேணம் நின்றது. சேணம் நின்றவிடத்துச் சேணப்பையும் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையின் ஹார்லி டேவிட்சன் வண்டிகள் தோற்பைகளுடன் சென்றன. பிரித்தானியப் படைக்கென ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் செய்யப்பட்ட பி.எஸ்.ஏ. வண்டிகளில், இரும்புச் சட்டத்தில் பொருத்திய கித்தான் பைகள் தொங்கின. போர் முடிந்தபின் இவ்வகை வண்டிகள் பல நாடுகளில் பொதுமக்கள் கைக்கு வந்தன. இப்பைக்கு ஆங்கிலேயர் வழங்கும் பானியர் என்னும் பெயர், ரொட்டிக் கூடையைக் குறிக்கும் பழைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

இனி, பையை வண்டியில் பொருத்தும் முறையைக் காண்போம். இரண்டு பைகளையும் இணைக்கும் அகன்ற தோல்வார், இருக்கையின் பின்னே மட்கார்டின் குறுக்கே கிடக்கும். மாட்டின் முதுகில் கிடந்த இணைப்பும் இதுவே. ஆனால் மாட்டின் விலா அசையாத சுவர். வண்டியின் விலாவிலோ சுழலும் சக்கரம் இருக்கின்றது. வாரில் மட்டும் தொங்கும் பை, வளைவில் உள்நோக்கி ஆடி, சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கும். சிக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஓட்டுபவர் வீழ்வார். ஆகவே பையின் பின்னால் ஓர் இரும்பு வளையம் தாங்கலாக நிற்றல் இன்றியமையாதது. பல வண்டிகளில் ஒருபுறம் கொதிக்கும் புகைக்குழாயும், மறுபுறம் எண்ணெய் தெறிக்கும் சங்கிலியும் அமைந்திருக்கும். அதிகச் சூடு பட்ட தோல் சுருங்கி வெடிக்கும்; எண்ணெய் ஊறிய தையல் இற்றுப்போகும். இரண்டினின்றும் விலகி, ஆயினும் மிக உயராமல், கூடுமானவரை அச்சுக்கு முன்னே பை அமைய வேண்டும். பின்னுக்குத் தள்ளிய சுமை முன்சக்கரத்தின் பிடியைத் தளர்த்திவிடும். தேயிலைத் தோட்டத்துக் கொண்டையூசி வளைவுகளில் அஃது உயிர்ச்சேதத்துக்கு வழிவகுக்கும்.

1949ஆம் ஆண்டின் ராயல் என்பீல்டு புல்லட் போன்ற வண்டிகள் வந்தபோது மற்றொரு சிக்கல் எழுந்தது. அவற்றின் பின்சக்கரம் ஊஞ்சற் கரமொன்றில் பூட்டப்பட்டு, பள்ளம் மேட்டுக்கேற்ப ஏறி இறங்கும். வண்டி வெறுமையாய் நிற்கும்போது போதிய இடைவெளியுடன் தோன்றும் பை, ஆள் ஏறிச் சுமையும் ஏற்றியபின் சக்கரத்தைத் தொடலாம். எனவே ஆளை ஏற்றிவைத்தே அளவெடுத்தல் முறை. 1955ஆம் ஆண்டில் சென்னையில் என்பீல்டு இந்தியா நிறுவனம் தோன்றி, அதே புல்லட்டைத் தமிழகத்திலேயே பூட்டத் தொடங்கியது.

பையின் தோலைப் பற்றியும் ஒரு வார்த்தை கூற வேண்டும். தோலைப் பதனிடுவதில் தமிழகத்திற்குத் தனிச்சிறப்புண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல் முதலிய ஊர்களில், சுண்ணாம்பிட்டு மயிர் நீக்கிய தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, கடுக்காய் நீரில் தோய்த்து, எண்ணெய் தடவி முடித்துவந்தனர். தரிசு நிலத்தில் மஞ்சட் பூவாய்ச் சிரிக்கும் அதே ஆவாரையின் பட்டைதான். முதலாம் உலகப்போரின்போது பிரித்தானிய வீரரின் காலணிகளுக்கு இத்தோல் பெருவாரியாகக் கொள்ளப்பட்டது. அதற்குமுன்பே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் உப்பால் பதனிடும் முறையைப் புகுத்தியிருந்தார். குரோம் தோல் மென்மையானது, நீரை நன்கு தாங்குவது. எனினும் பை தன் வடிவம் குலையாமல் நிற்க வேண்டுமாயின் பட்டையிற் பதனிட்ட தடித்த தோலே ஏற்றது. அத்தோலுக்குப் பகை மழையும் பூஞ்சணமும். சப்பிரகமுவ மலையடிவாரத்தில் ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கின்றது. நனைந்த வார் நீண்டு தளரும். தளர்ந்த வாரைப் புறப்படுமுன் இறுக்காதவர், வழியில் இறங்கி இறுக்க நேரும். நனைந்த பையை அடுப்பருகே உலர்த்துவது பெருந்தவறு. நிழலில் உலர்த்தி, ஈரம் முற்றும் நீங்குமுன் எண்ணெய் பூசுவதே நன்று.

சப்பிரகமுவத் தோட்டங்களில் இச்சுமைகளை முன்னாளில் சுமந்தவர் யாவர்? இரயில் பாதை 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓப்பநாயக்கவையும் எட்டியது. 1970களில் அவிசாவளைக்கு அப்பால் அது மூடப்பட்டது. இரயிலும் லொறியும் பெரிய சுமைகளைக் கொண்டுசென்றன. ஆனால் தபாற் கந்தோருக்கும் தோட்டத்துக் கந்தோருக்கும் இடையே கடிதமும் பத்திரிகையும் மனிதனின் தோளிலேயே ஏறின. தப்பால்காரர் எனப்பட்ட அத்தொழிலாளர், மழையாயினும் அட்டையாயினும், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாள்தோறும் நடந்தார். துரையின் மோட்டார் சைக்கிளில் இரண்டு பைகள் ஏறியபோது, அவர் சுமையில் ஒரு பகுதி இயந்திரத்தின் முதுகுக்கு மாறியது.

எல்லாச் சுமையும் அவ்வாறு மாறிவிடவில்லை. கொழுந்தெடுக்கும் பெண்ணின் கூடை முதுகிலே தொங்க, அதன் கயிறு தலையின் உச்சியை அழுத்திற்று. முன்னே ஈடுகட்ட ஒன்றுமின்றி, முழுப் பாரமும் ஒருபுறமே இழுத்தது; நிறைய நிறையக் கழுத்து முன்னுக்கு வளைந்தது. மாட்டிற்கும் கழுதைக்கும் நிறையொத்த பொதி வேண்டுமென்று பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தனர்; மோட்டார் சைக்கிளுக்கு அதனை அங்குலக் கணக்கில் அளந்தனர். பின்னாளில் பல தோட்டங்களில் பிரம்புக் கூடை போய்ச் சாக்கும் பிளாஸ்டிக் கூடையும் வந்தன. எடை சற்றுக் குறைந்தது. கயிறு மட்டும் தலையை விட்டு இறங்கவில்லை.