பட்டுப் புழுவும் ஜீனின் சரித்திரமும்

மைசூர்ப் பட்டின் சரித்திரத்தைக் கூறுவோர் திப்பு சுல்தான் காலத்தில் தொடங்கி, 1912-ல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில் எழுந்த நெசவாலையோடு முடிப்பது வழக்கம். ஆயின் பட்டை உண்டாக்குவது அரசருமல்லர், ஆலையுமன்று, சிறு புழுவேயாம். அப்புழுவின் உடலுக்குள் நிகழ்வதை அறிஞர் கண்டறிந்த வரலாற்றை, மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய நாம் அறிந்த அளவில் சங்கத்து அன்பர்களுக்குக் கூற விழைகின்றோம்.

புழுவுக்குப் பட்டுச் சுரப்பிகள் இரண்டு. சுரப்பியின் பின்பகுதி ஃபைப்ராயின் என்னும் இழைப்பொருளைச் சுரக்கும். நடுப்பகுதி செரிசின் என்னும் பசையைச் சுரக்கும். நூலைச் சோப்பு நீரில் வேகவைக்கையில் ஏறத்தாழக் கால்பங்கு எடை குறைவது இப்பசை நீங்குவதனால்தான். வியப்பு யாதெனில், இரு பகுதிகளின் உயிரணுக்களிலும் உள்ள ஜீன்கள் ஒன்றே. பசை செய்யும் விதி பின்பகுதியிலும் எழுதப்பட்டுள்ளது. ஆனால் அங்கே அது வாசிக்கப்படுவதில்லை. ரெயில்வே கால அட்டவணை எல்லா ஸ்டேஷன்களிலும் ஒன்றே. ஒவ்வொரு ஸ்டேஷனும் தனக்குரிய பக்கத்தையே புரட்டுகின்றது. குமாஸ்தாவின் உவமை, பொறுத்தருள்க.

பக்கத்தைப் புரட்டுவது யார்? 1961-ல், இவ்வூரில் மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையம் தோன்றிய அதே ஆண்டில், பாரிஸ் அறிஞர்களான ஜாக்கோபும் மோனோவும் பாக்டீரியாவில் ஒரு ஜீனின் பொருள் மற்ற ஜீன்களை அடக்கியாளும் முறையை விளக்கினர். விலங்குகளிலும் இத்தகைய புரதங்கள் உளவெனப் பின்னர் தெளிவாயிற்று. படியெடுப்புக் காரணிகள் எனப்படும் இவை, ஜீனின் அருகே தமக்குரிய இடத்தில் பற்றிக்கொண்டு, அதனைப் படியெடுக்கும் வேலையைத் தூண்டும் அல்லது தடுக்கும். 1972-ல் சுசுகி, பிரௌன் இருவரும் ஃபைப்ராயின் ஜீனின் படியைப் பட்டுப் புழுவிலிருந்தே பிரித்தெடுத்தனர்.

அடுத்த செய்தி ஈயிடமிருந்து வந்தது. பழங்களில் மொய்க்கும் அச்சிறு ஈயை நம் மானசகங்கோத்ரியிலும் வளர்த்து ஆராய்கின்றனர். அதன் கருவில் மார்புப் பகுதியை மார்பாக அமைக்கும் காரணிகளுள் ஒன்று ஆன்டென்னபீடியா. 1987-ல் ஸ்விட்சர்லாந்து அறிஞர்கள் அதனை உரிய இடமல்லாத தலைப்பகுதியிலும் தோன்றச் செய்தனர். உணர்கொம்பு இருக்கவேண்டிய இடத்தில் கால் முளைத்தது!

பட்டுப் புழுவிலும் அதே ஜீன் உண்டு. சுரப்பியின் நடுப்பகுதியில் அது விழித்திருக்கின்றது. 2016-ல் ஜப்பானிய அறிஞர்கள் அதனைப் பின்பகுதியிலும் தோன்றச் செய்தபோது, அதுகாறும் அங்கே மூடிக்கிடந்த செரிசின் பக்கம் திறந்தது. கருவில் மார்பை வகுக்கும் காரணியே, வளர்ந்த புழுவில் நம் புடவை நூலின் பசைக்கும் உத்தரவிடுகின்றது.